சீசர் கண்ட கனவு: காதெஸிலா, ரூபிகான் கரையிலா?

ஜூலியஸ் சீசரின் குணம் பற்றி நான் எழுதும் கட்டுரை அவர் கண்ட ஒரே ஒரு கனவில் முட்டி நிற்கிறது. பெற்ற தாயோடு கூடுவதாக வந்த கனவு. சீசரின் வாழ்க்கையை எழுதிய கிரேக்கர் புளூட்டார்க் அதை கி.மு. 49இல், ரூபிகான் ஆற்றை (படையோடு தாண்டினால் உள்நாட்டுப் போர் என்ற எல்லை) கடப்பதற்கு முந்தைய இரவில் வைக்கிறார். மனசு குறுகுறுக்கும் மனிதர் தெரிகிறார். ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸோ பல வருடம் முன்பே, சீசர் ஸ்பெயினின் காதெஸ் நகரில் குவெஸ்டராக (நிதி அதிகாரியாக) இருந்தபோது என்கிறார். தாய் என்றால் பூமி, உலகை ஆள்வாய் என்று அங்கே பலன் சொல்கிறார்கள். கனவு ஒன்று, ஆள் வேறு.

சீசர் எழுதிய உள்நாட்டுப் போர் நூலைப் புரட்டினேன். கனவு இல்லை, ஆற்றின் பெயர்கூட இல்லை (கமுக்கமான ஆள்). வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் காதெஸ் என்கிறார், ஆனால் காலத்தால் ரொம்பப் பிந்தியவர். நாவலுக்கு ஆற்றங்கரைதான் தோது; கட்டுரைக்கு அது போதாது.

புளூட்டார்க் தெரிந்தேதான் கனவை இடம் மாற்றினார் என்று காட்ட, அவருடைய எழுத்திலேயே வேறு எங்கே ஆதாரம் தேடலாம்?