புதுப்பிப்பு: மருந்து போட்டும் பேன் திரும்ப வருகிறதா?

பள்ளிப் பிள்ளைகளின் பேனுக்கு 1% பெர்மெத்ரின் லோஷன் என்று முன்பு எழுதியிருந்தோம். “ஒரே வாரத்தில் மறுபடி வந்துவிட்டது” என்று பலர் கேட்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஈர்தான். மருந்து பேனைக் கொல்லும். ஈர் எல்லாவற்றையும் கொல்லாது. அது பொரிக்க 7 முதல் 9 நாள் ஆகும். அதனால் 9ஆம் நாள் இரண்டாம் முறை கட்டாயம் போடுங்கள், தலையில் ஒன்றும் தெரியாவிட்டாலும்.

இன்னொன்று: எண்ணெய்த் தலையில் மருந்து சரியாகப் பிடிக்காது. கண்டிஷனர் இல்லாத ஷாம்பூவால் அலசி, துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே வேர்வரை தடவி, 10 நிமிடம் கழித்து அலசுங்கள்.

இடைநாட்களில் 2, 3 நாளுக்கு ஒருமுறை பேன்சீப்பால் வாருங்கள். காதுக்குப் பின்னும் பிடரியிலும்தான் அதிகம் ஒளிந்திருக்கும். மருந்து போடும் அன்றே வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள்.

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், தீப்பிடிக்கும்.