வெங்காயத்தாள் போலச் சுருண்ட மக்காச்சோளம்

எங்கள் ஊர் உடுமலைப் பக்கம். கோடை மக்காச்சோளம் என்றால் தை, மாசிக்குள் விதை விழுந்துவிட வேண்டும். போன வருசம் தக்காளியைப் பிடுங்கிக் காட்டைக் காலி செய்யவே மாசி முடிந்துவிட்டது (விலை ஏறும் ஏறும் என்று வைத்திருந்து கடைசியில் ஆட்டுக்குத்தான் போட்டோம், அது தனிக்கதை). பங்குனி பிறந்து மூன்றாம் நாள் இரண்டு ஏக்கரில் வீரிய ரகம் ஊன்றினேன். 50, 55 நாளில் பூ எடுக்கிற பயிர், நேராக அக்னி நட்சத்திரத்தில் போய் மாட்டும் என்று விரல் விட்டு எண்ணியிருந்தாலே தெரிந்திருக்கும். எண்ணவில்லை.

முதல் மாதம் படைப்புழுவோடு போனது. 2018-ல் வந்ததில் இருந்து அது இல்லாத வருசமே இல்லை. குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தது, பிரித்துப் பார்த்தால் வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியோடு புழு. மருந்து குருத்துக்குள்ளேயே இறங்குகிற மாதிரி இரண்டு தடவை அடித்ததும் அடங்கியது, சரி.

அப்புறம்தான் வெயில். 40 நாளைக்கு மேல் பயிர் சரசரவென்று ஏறும், இடுப்பளவு இருந்தது பத்து நாளில் என் தலையைத் தாண்டிவிட்டது. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வெங்காயத்தாள் மாதிரி சுருண்டு விறைத்து நிற்கும். எனக்குப் பதறும், உடனே மோட்டாரைப் போட ஓடுவேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு, உச்சி வெயில்ல எந்தப் பயிரும் சுருளத்தான் செய்யும், தண்ணியை மிச்சம் புடிக்குது. காலைல ஏழு மணிக்கு வந்து பாரு. அப்பவும் சுருண்டே கெடந்தா மம்பட்டியை எடு." அன்றிலிருந்து காலையிலேயே போக ஆரம்பித்தேன். இலை அகலமாக விரிந்து, அடியில் பனி ஈரத்தோடு நின்றது. மனசு கொஞ்சம் நின்றது.

பூ தலைகாட்டிய வாரம் பார்த்துக் கரண்ட் குறைவாக வந்து மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் (காயில்) எரிந்துபோய்விட்டது. கழற்றிக் கட்டி மாட்ட ஆறு நாள். மேல் ஏக்கருக்கு முந்தின நாள்தான் தண்ணீர் கட்டியிருந்தேன், கீழ் ஏக்கர் காய்ந்தது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கும் அங்கே இலை சுருண்டே இருந்தது.

பெரியவர் மறுபடி வந்து விளக்கினார். உச்சியில் வருவது ஆண் பூ, கதிர் நுனியில் நூல் நூலாக வருகிற முடிதான் பெண் பூ, ஒரு முடிக்கு ஒரு சோள மணி. தண்ணீர் இல்லாவிட்டால் ஆண் பூ வந்துவிடும், முடி பிந்திவிடும். காலையில் கொட்டுகிற மகரந்தம் அந்த வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது. முடி வெளியே வரும்போது மேலே கொட்ட ஒன்றும் இருக்காது.

பத்து நாள் கழித்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதிரை ஒடித்தேன். முடி அறுபடாமல் தோலைப் பக்குவமாக உரித்து, கதிரைத் தலைகீழாகப் பிடித்து உதறச் சொன்னார். மணி பிடித்த முடி தானாகக் கழன்று விழுமாம், பிடிக்காதது ஒட்டிக்கொண்டே இருக்குமாம். மேல் ஏக்கர் கதிரில் முக்காலே மூணு வீசம் உதிர்ந்தது. கீழ் ஏக்கர் கதிர் உதற உதற அப்படியே பச்சை முடியோடு என் கையில் நின்றது. தண்ணீர் கட்டினாலும் இனிமேல் ஆகாது என்று அப்போதுதான் உறைத்தது, ஆனாலும் கட்டினேன், நாக்கு வறண்ட பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அறுவடையில் மேல் ஏக்கர் 26 மூட்டை. கீழே 15. கதிர்கள் இடையிடையே ஓட்டை, நுனி மொட்டை. கோழித் தீவனத்துக்கு எடுக்கிற வியாபாரி ஒரு கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார், விலை மட்டும் கொஞ்சம் குறைந்தது.

இந்த வருசம் தை 15-க்கே ஊன்றியாயிற்று. பூவெல்லாம் பங்குனியிலேயே முடிந்து கதிர் கட்டிவிட்டது. இருந்தும் மத்தியானம் தோட்டத்துக்குள் நுழைந்தால் கண் முதலில் கீழ் ஏக்கருக்குத்தான் போகிறது.