புதுப்பிப்பு: காட்ஸ்வோல்ட்ஸ் போய் வந்தாச்சு

லண்டனிலிருந்து காட்ஸ்வோல்ட்ஸ் என்ற இங்கிலாந்துக் குன்றுப் பகுதியின் கிராமங்களைப் பார்க்கப் பெரிய பேருந்தா, வழிகாட்டியோடு சிறு குழுவாகப் போகும் வேனா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் வேன் என்றீர்கள். அதிலேயே போனேன். இனி யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன்.

காரணம் சாலைதான். இரண்டு பக்கமும் வேலிச்செடி உரசுகிற ஒற்றைத் தடம். எதிரே டிராக்டர் வந்ததும் எங்கள் ஓட்டுநர் ஒதுங்க இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே எடுத்தார். அங்கே பெரிய பேருந்துக்கு வேலையே இல்லை.

பைபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்ற வரிசை வீடுகள்தான் மனதில் நின்றன. 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். கூரைக்குக்கூட சுண்ணாம்புக்கல் பலகைதான். கீழே பெரிய பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை. வழிகாட்டி கைகாட்டிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டுகிறவர்களை என்ன சொல்வது!

போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் வின்ட்ரஷ் ஆறும் குட்டையான கல் பாலங்களும் அழகுதான், ஆனால் ஒரே கூட்டம். அந்த நேரத்தைப் பைபரிக்குக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம், வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. நடை குறைவு. வேன் படி மட்டும் கொஞ்சம் உயரம். வளைவுகளில் குமட்டும் என்றால் முன் இருக்கையை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.