வருகைக் கையெழுத்தைச் சம்மதம் என்று காட்டுகிறார்கள், இனி என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். போன மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள், போனோம். வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விட்டார்கள். திரையில் பளபளவென்று படங்கள், கேள்வி கேட்கக் கடைசியில் பத்தே நிமிடம். இப்போது வந்த அறிக்கையில் "குடியிருப்போர் ஒப்புதலுடன்" என்று போட்டு, அந்தக் கையெழுத்துப் பக்கங்களையே இணைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் என் அம்மா தினமும் சாயங்காலம் உட்காரும் மரத்தடி பெஞ்சைக் காணோம், அந்த இடம் வண்டி நிறுத்தமாகிவிட்டது. திட்டமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, கூரை ஒழுகுகிறது, எங்களுக்கும் நல்ல வீடு வேண்டும். ஆனால் எங்களைக் கேட்டுச் செய்ததாகச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

பதில் 1:
இந்த வாரமே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். "நான் போட்டது வருகைக் கையெழுத்து, ஒப்புதல் இல்லை" என்று இரண்டு வரி போதும். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டின் நகலையும் கேளுங்கள், பக்கத்தின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். எங்கள் பகுதியில் தலைப்பே இல்லாத தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு மேலே ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். ஒருவர் அன்றே கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம்.

பதில் 2:
ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் 1969-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அடியில் இருக்கும் இரண்டு படியில் பங்கேற்பே கிடையாது, ஆட்களை உட்காரவைத்து ஒப்புதல் முத்திரையாகப் பயன்படுத்துவது அதில் முதல் படி. நடுவில் மூன்று படி, தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது, எல்லாம் பேருக்குத்தான். மேலே உள்ள மூன்றில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் கைக்கு வரும்.

அதனால் இன்னொரு கூட்டம் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள், முடிவெடுக்கும் குழுவில் பெரும்பான்மை இடம் கேளுங்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் டட்லி தெரு மக்கள் 1980களில் அதைத்தான் செய்தார்கள். அந்தப் பகுதியைச் சீரமைக்கத் தொடங்கிய அமைப்புக்கு முதலில் திட்டமிட்ட நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்குச் சில இடங்கள்தான், கூட்டத்திலேயே எழுந்து கேட்டு அதைப் பெரும்பான்மையாக மாற்றினார்கள். 1988-ல் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகம் அவர்களுடைய அமைப்புக்குக் கொடுத்தது. நிலத்தைச் சமுதாய அறக்கட்டளை பெயரில் வைத்துக்கொண்டதால் வீட்டு விலையும் கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது.

பதில் 3:
வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே? உரிமையாளர்கள் மட்டும் சேர்ந்து போராடி ஜெயித்த இடங்களில்கூட, முதலில் வெளியேறியது வாடகைக்காரர்கள்தான். இன்னொன்று, கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், மாடி இறங்க முடியாதவர்கள். நீங்களே வீடு வீடாகப் போய் எத்தனை பேர், எத்தனை வருடமாக, என்ன வேண்டும் என்று கணக்கெடுங்கள். வரைபடத்தின் நகலோடு உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள், எங்கே உட்காருகிறார், எங்கே தண்ணீர் தேங்கும் என்று அவர் சொல்லச் சொல்லக் குறியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்று பதினோரு பேர் மறுப்புக் கடிதம் கொடுத்துவிட்டோம். வாடகைக்கு இருப்பவர்களை நாங்களும் மறந்துதான் போயிருந்தோம், மூன்றாம் மாடியில் மட்டும் நாலு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்துதான் கணக்கெடுப்பைத் தொடங்குகிறோம்.