ராஜா ராணி தலை போய் யார் தலை வந்துச்சு? ஆப்பிரிக்கக் காசு அனுபவங்கள்

நாணயப்பித்தன்:
ஆப்பிரிக்க நாடுங்க சுதந்திரம் வாங்கின புதுசுல அடிச்ச காசு யார்கிட்டல்லாம் இருக்கு, எப்படிக் கைக்கு வந்துச்சு, சொல்லுங்க மக்களே. நானே ஆரம்பிக்கிறேன். வேலைக்காக கானா தலைநகர் அக்ராவுல இருந்தப்ப மக்கோலா மார்க்கெட் பக்கம் ஒரு அம்மா பாசிமணி வித்துட்டிருந்தாங்க, தட்டுல மணிக்கு நடுவுல கொஞ்சம் பழைய காசும் கிடந்துச்சு, கிளறினா கானா 3 பென்ஸ், 1958! ஓரமெல்லாம் நம்ம பழைய 10 பைசா மாதிரி வளைஞ்சு வளைஞ்சு. ஒரு பக்கம் நட்சத்திரம், இந்தப் பக்கம் அந்த நாட்டோட முதல் பிரதமர் குவாமே நிக்ருமா தலை, சுத்தி லத்தீன் எழுத்து. கூத்து என்னன்னா 1957 மார்ச்ல சுதந்திரம் வந்தும் 1960 ஜூலை வரைக்கும் அந்த நாட்டுக்கு எலிசபெத்தான் ராணி, ஆனா காசுல ராணியைக் காணோம். 1965ல சீடி, பெசேவான்னு புதுப் பணம் வந்தப்பவும் இவர் தலைதான். 1966 பிப்ரவரில ராணுவம் ஆட்சியைப் புடிச்சுது, அடுத்த வருஷக் காசுல ஆளே அவுட், கோகோ வந்துடுச்சு. அந்தம்மா மத்த காசுக்கெல்லாம் விலை சொல்லிட்டு நிக்ருமாவை மட்டும் ஓரங்கட்டி வச்சாங்க, கெஞ்சித்தான் வாங்கினேன்.

லுசாகா டீச்சர்:
நானும் வீட்டுக்காரரும் ஜாம்பியாவுல வாத்தியார் வேலை பார்த்தோம், எழுபதுகள்ல நம்மாளுங்க நிறைய பேர் அங்க போனாங்க. 1968 ஜனவரில பவுண்டை எடுத்துட்டு குவாச்சா கொண்டு வந்திருந்தாங்க. 10 ஷில்லிங் ஒரு குவாச்சா, ஒரு குவாச்சாவுக்கு 100 ங்வே, அதனால பழைய 6 பென்ஸ் அப்படியே 5 ங்வே, ஷில்லிங் 10 ங்வே, 2 ஷில்லிங் 20 ங்வே. படத்தையும் மாத்தல, பூ, இருவாச்சி, மான் அதேதான், பின்னாடி 1964 காசுல இருந்த அரசு சின்னம் 1966லயே போய் ஜனாதிபதி கவுண்டா தலை வந்திருந்துச்சு, அதுவும் அப்படியே. ரொம்ப புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன். எங்க தெருவுல தக்காளி விக்கிற அம்மா நம்பரைப் பார்க்கவே மாட்டாங்க, உள்ளங்கைல காசைப் பரப்பி விரலால தள்ளித் தள்ளி பறவை இங்க, மான் அங்கன்னு பிரிச்சு மீதி குடுப்பாங்க, ஒரு நாளும் கணக்கு தப்பினதில்ல. எனக்குப் புடிச்சது 1 ங்வே, அதுல ஆர்ட்வார்க், எறும்புப் புத்தைத் தோண்டித் தின்னுமே அது. எந்த நாடாவது அந்த மூஞ்சியைக் காசுல போடுமா சொல்லுங்க!

கோவை ராஜன்:
டீச்சரம்மா செம. நான் கப்பல்காரன், தான்சானியாவுல தார் எஸ் சலாம் துறைமுகத்துல இறங்கினப்ப ஒரு கடைல கிடைச்சது ஈஸ்ட் ஆப்பிரிக்கா 10 சென்ட், நடுவுல ஓட்டை, ஓட்டைக்கு இந்தாண்ட அந்தாண்ட யானைத் தந்தம். 1964ன்னு போட்டதுல ராணி பேரும் இல்ல எந்தத் தலைவர் பேரும் இல்ல, வெறும் ஈஸ்ட் ஆப்பிரிக்கா. மூணு நாடும் சுதந்திரமாயிடுச்சு, காசு மட்டும் இன்னும் பொது, அதான். 1966லதான் தனித்தனியா அடிச்சாங்க, தான்சானியாவுக்கு நியரேரே, கென்யாவுக்கு கென்யாட்டா, உகாண்டா மட்டும் ஆளே வேணாம்னு கொக்கைப் போட்டுச்சு. இன்னொண்ணு, 1942, 43 ஷில்லிங்ல சின்னதா ஆங்கில ‘ஐ’ இருந்தா விட்றாதீங்க, அது நம்ம பம்பாய் நாணயச்சாலைல அடிச்சது.

நாணயப்பித்தன்:
ராஜன் அண்ணே, அந்த பம்பாய் மேட்டர் சூப்பர், என் டப்பாவைத் தேடணும். நான் அலையறது கட்டாங்கா 5 ஃபிராங்க், 1961. காங்கோவை விட்டுப் பிரிஞ்சு 1963 ஜனவரி வரைக்கும்தான் தாக்குப்புடிச்ச நாடு, ஆனா வாழைத்தாரும் செம்புச் சிலுவையும் போட்டு காசு அடிச்சுட்டாங்க. யார்கிட்டயாவது ரெண்டு இருந்தா சொல்லுங்க, என்கிட்ட மாலி 5 ஃபிராங்க் நீர்யானை எக்ஸ்ட்ரா இருக்கு, அலுமினியம், கீறல் கிடையாது, மாத்திக்கலாம்.