புயலடித்தால் எந்தத் துறைமுகமும் சரியா?

கலங்கரை:
'புயலில் எந்தத் துறைமுகமும் நல்ல துறைமுகம்தான்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொலவடை. ஆபத்தில் கிடைத்த உதவியைப் பிடித்துக்கொள் என்று அர்த்தம். தத்தளிக்கும் கப்பலைத் துறைமுகமும் தட்டாமல் ஏற்கவேண்டும் என்பது என் கட்சி. 2002 நவம்பரில் ஸ்பெயினின் கலீசியா கரைக்கு அப்பால், புயலில் 'பிரெஸ்டீஜ்' கப்பலின் தொட்டி பிளந்தது. உள்ளே 77,000 டன் எண்ணெய். ஸ்பெயின் கரைக்கு விடாமல் நடுக்கடலுக்கு விரட்டியது. ஆறு நாள் அலைந்து இரண்டாக உடைந்து மூழ்கியது. எண்ணெய் பிரான்ஸ் கரைவரை போனது. ஒரு குடாவுக்குள் விட்டிருந்தால் அங்கேயே வளைத்து எடுத்திருக்கலாமே!

களப்பு:
அந்தக் குடாவில் வலை போடுகிறவர்களை யாராவது கேட்டார்களா அண்ணா? நான் நீர்கொழும்பு. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள். கரை முழுக்கப் பருப்பு அளவில் பிளாஸ்டிக் மணிகள், நடுவே செத்த ஆமைகள். மீன்பிடிக்கத் தடை. மாமா வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வெறும் கையோடு கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கலங்கரை:
உங்கள் மாமாவின் வலி புரிகிறது தம்பி. ஆனால் அதே கப்பலைப் பாருங்கள். ஒரு கொள்கலனில் நைட்ரிக் அமிலம் கசிகிறது, இறக்கிக்கொள்ளுங்கள் என்று முதலில் கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும், அப்புறம் குஜராத்தின் ஹசீராவிலும் கேட்டார்கள். வசதி இல்லை என்று இரண்டு இடத்திலும் மறுத்துவிட்டார்கள். ஒரே ஒரு பெட்டி! அதை அங்கேயே இறக்கியிருந்தால் உங்கள் கரைக்கு இந்தக் கதி வந்திருக்குமா?

களப்பு:
நானும் அதைத்தான் சொல்கிறேன். வசதி இல்லாத துறைமுகம் 'வா' என்றால் யாருக்கு லாபம்? கருவியும் ஆட்களும் இருக்கும் துறைமுகம் எது என்று முன்கூட்டியே குறித்து வைக்கவேண்டும். தத்தளிக்கும் கப்பலுக்குப் புகலிடம் தருவது பற்றி 2003இல் சர்வதேச கடல்சார் அமைப்பு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அதுகூட, அலசிப் பார்த்து முடிவெடு என்கிறதே தவிர, கட்டாயம் ஏற்றுக்கொள் என்று சொல்லவில்லை.

நங்கூரம்:
கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. நீங்கள் இருவரும் எண்ணெயையும் பெட்டியையும் பேசுகிறீர்கள். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். பேர்ளில் இருந்த 25 பேரும் உயிரோடு இறக்கப்பட்டார்கள். ஆட்களை ஏற்க எந்தத் துறைமுகமும் யோசிக்கக் கூடாது. கப்பலை ஏற்பது வேறு கணக்கு.

களப்பு:
ஆளை இறக்க எங்கள் வள்ளமே வரும் ஐயா, யாரும் கூப்பிடக்கூட வேண்டாம். கப்பல் உள்ளே வருவதற்குமுன், மீனவர்களுக்கான இழப்பீட்டுக்கு யார் பிணை நிற்பது? அதைச் சொல்லுங்கள் கலங்கரை அண்ணா.