மரம் வெட்டும் வேலைக்குப் பழைய பக்கெட் லொறி: எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உவர்மலை மரவேலை:
அண்ணன்மாருக்கு வணக்கம். திருகோணமலை டவுன், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கொப்பு வெட்டுவதும், வீட்டுக் கூரைப் பக்கம் சரிந்த மரங்களை இறக்குவதும்தான் தொழில். வேம்பு, புளி, வாகை, மா, இடைக்கிடை தென்னை. ஐப்பசி மழைக்கு முன்னம் வேலை குவியும். அதற்குள் ஆளைக் கூடையில் வைத்து உயர்த்தும் பக்கெட் லொறி ஒன்று எடுக்க யோசனை.

குருநாகல் பக்கம் ஒன்று விலைக்கு இருக்கிறது. இசுசு எல்ஃப், 1997, 4எச்எஃப்1 எஞ்சின். மேலே டடானோ பூம் (கூடையைத் தூக்கும் கை), நீளும் வகை, அதன் விபரத் தட்டில் 12 மீற்றர் என்று இருக்கிறது. மீற்றரில் 88,000 கிலோமீற்றர்தான். கூடை ஃபைபர் என்பதால் கரண்ட் பாயாது, லைனுக்குப் பக்கத்திலும் வேலை செய்யலாம் என்கிறார் விற்பவர். லொறியின் எஞ்சினும் பிரேக்கும் பார்க்கத் தெரியும். பூம் பக்கம் எதை, எப்படிப் பார்ப்பது? தென்னைக்கு இந்த உயரம் காணுமா?

ஹைட்ரோலிக் கராஜ், கன்னியா வீதி:
தம்பி, 88,000 என்பதை மறந்துவிடுங்கள். இந்த வகை லொறி ஓடித் தேய்வது குறைவு, நின்ற இடத்தில் எஞ்சின் போட்டுத் தேய்வதுதான் அதிகம். பிடிஓ (எஞ்சின் பலத்தைப் பூமின் பம்முக்குக் கொடுக்கும் இணைப்பு) மணிக்கணக்கு மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேர ஓட்டத்தைச் சுமார் 40 கிலோமீற்றருக்குச் சமமாக எடுப்பது வழக்கம். 5,000 மணி காட்டினால் அந்த எஞ்சின் இன்னும் 2 லட்சம் கிலோமீற்றர் உழைத்திருக்கிறது. 4எச்எஃப்1 நல்ல தெரிவுதான். 4.3 லீற்றர், மெக்கானிக்கல் பம், ஊர்க் கராஜிலேயே திறக்கலாம். புகை வடிகட்டி பொருத்திய பிந்திய மொடல்கள் நின்ற இடத்தில் நாள் முழுக்க ஓடினால் வடிகட்டி அடைத்து நின்றுவிடும். இந்தத் தொழிலுக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

வெள்ளைத்தாளில் ஹைட்ரோலிக் ஒயில் தொட்டுப் பாருங்கள். பால் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்துக் கருகல் மணம் வந்தால் சூடேறி வெந்த ஒயில். பிறகு எல்லா அசைவையும் கடிகாரம் வைத்து அளவெடுங்கள்: பூம் முழுக்க எழும்ப, நீள, ஒரு சுற்றுச் சுழல எத்தனை செக்கன். அரை மணி நேரம் விடாமல் இயக்கி, ஒயில் சூடான பிறகு திரும்ப அளவெடுங்கள். குளிரில் ஒழுங்காக வந்தது சூட்டில் தெளிவாக மந்தமானால் பம் உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது. பல விற்பனையாளர்கள் ஐந்து நிமிடம் இயக்கிக் காட்டிவிட்டு எஞ்சினை நிறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்தது எல்லாவற்றிலும் முக்கியமானது. இந்தச் சோதனை முடியும்வரை கூடைக்குள் ஆள் ஏறக்கூடாது. கூடைத் தட்டில் எவ்வளவு கிலோ என்று பாருங்கள், பெரும்பாலும் 200. அதற்குள் 50 கிலோ சீமெந்துப் பை மூன்று வையுங்கள். பூமை 45 பாகைக்கு எழுப்பி, பாதி நீட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். தூக்கும் சிலிண்டரின் பளபளக்கும் ரொட்டில், சீல் தொடங்கும் இடத்தில் டேப் ஒட்டி 15 நிமிடம் விடுங்கள். லொறியை நிலத்தில் ஊன்றி நிறுத்தும் நான்கு ஜக் கால்களுக்கும் அதே மாதிரி. சூடான ஒயில் ஆறும்போது சற்றுச் சுருங்கும், இரண்டு மூன்று மில்லிமீற்றர் பரவாயில்லை. அதற்கு மேல் இறங்கினால் தாங்கும் வால்வோ சீலோ போய்விட்டது. ஒரு ஹோஸ் வெடித்தாலும் பூமை அந்தரத்தில் நிறுத்தி வைப்பது அந்த வால்வுதான். மேலே நிற்பவரின் உயிர் அதில் தொங்குகிறது.

ரொட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். உப்புக்காற்றுப் பட்ட வண்டியில் குரோம் புள்ளி புள்ளியாகக் கொப்பளித்திருக்கும். நகம் தடக்கினால் புதுச் சீல் போட்டாலும் சில வாரத்தில் அறுக்கும். ரொட்டைத் திரும்பக் குரோம் பூச வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

சுழலும் மேசைக்குக் கீழே உள்ள போல்ட்களை ஒவ்வொன்றாகச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். இறுகியது 'டங்' என்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தையாகச் சத்தம் தரும். ஒரு போல்ட் உடைந்திருந்தால் அதன் பக்கத்துப் போல்ட்களும் களைத்துப்போனவைதான், முழுச் செட்டையும் மாற்ற வேண்டும். பழைய கிறீஸை விரலில் எடுத்து வெயிலில் பிடியுங்கள், இரும்புத்தூள் மினுங்கினால் பெயரிங் கரைகிறது. பூமை உள்ளே இழுத்து, கிடையாக வைத்து, கூடையைக் கையால் பக்கவாட்டில் ஆட்டினால் கியர் ஆட்டம் தெரியும்.

நீளும் பூமின் உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கும். மரத்தூளும் பிசினும் கிறீஸில் ஒட்டினால் அரத்தாள் மாதிரித்தான், கட்டையைத் தின்று இரும்போடு இரும்பு உரசும். பூமின் பக்கங்களில் நீளக் கீறல் கோடுகள் இருந்தால் அது நடந்துவிட்டது. உள்ளே இழுக்கும் கம்பிக் கயிற்றைத் துணியால் துடையுங்கள், இழை அறுந்திருந்தால் துணி மாட்டும்.

பிரதேச லைன் வேலை:
விற்பவர் சொன்ன ஃபைபர் கூடைக் கதையை நம்பி எவரையும் மேலே ஏற்றாதீர்கள். தயவு செய்து.

கூடை ஃபைபராக இருப்பதாலேயே லொறி இன்சுலேட் ஆகாது. கூடையைத் தாங்கும் கை இரும்பு, பூம் இரும்பு, லொறி இரும்பு. லைன் வேலைக்கென்று செய்த வண்டியில் பூமின் நுனிப் பகுதியே ஃபைபரில் இருக்கும், தட்டில் எத்தனை வோல்ட்டுக்கு என்று எழுதியிருக்கும், காலத்துக்குக் காலம் மின்னழுத்தம் கொடுத்துக் கசிவு மின்னோட்டம் அளந்த சான்று இருக்கும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் இரும்பு லொறி என்றே நடத்துங்கள். மூன்றும் இருந்தாலும், நம் ஊர்க் கடற்காற்று ஃபைபரில் உப்புப் படலம் போடும். பனி விழுந்தால் அந்தப் படலம் மின்சாரம் கடத்தும்.

இங்கே வீதியோரம் மேலே போவது பெரும்பாலும் 33,000 வோல்ட், கீழே வீட்டு லைன் 400 வோல்ட். மரவேலை செய்யும்போது ஆள், கொப்பு, வாள், பூம் எதுவும் லைனுக்கு 3 மீற்றருக்குள் வராமல் இருக்க வேண்டும். பச்சைக் கொப்பு லைனில் சாய்ந்தால் அதுவே கடத்தி. லைனுக்கு மேலே கிளை நிற்கிறதென்றால் மின்சார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, நிலத்தொடுப்புப் போட்ட பிறகுதான் வேலை. பூம் லைனில் பட்டுவிட்டால் கீழே நிற்பவர் லொறியைத் தொடக்கூடாது. கூடையில் இருப்பவரும் இறங்க முயலாமல் லைன் நிற்கும்வரை இருக்க வேண்டும். இதை உதவியாளர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

வெல்டிங் பட்டறை, சீனக்குடா:
மேலே ஹைட்ரோலிக் அண்ணன் விட்ட இடம் இரும்பு.

புதுப் பெயின்ற் அடித்த பூம் என்றால் எனக்குச் சந்தேகம். வெடிப்பு இருக்கும் இடத்தில் பெயின்ற் கோடாகப் பிளந்து, அதிலிருந்து துருநீர் வழிந்த தடம் இருக்கும். பெயின்ற் அடித்தால் அந்த அடையாளம் போய்விடும். பார்க்க வேண்டிய இடங்கள்: தூக்கும் சிலிண்டர் பின் மாட்டும் காதுகள், பூமின் அடிப் பின், சுழலும் தூணும் அடித்தட்டும் சேரும் வெல்டிங், ஜக் கால் பெட்டியின் மூலைகள், கூடையைத் தாங்கும் கை. சந்தேகமுள்ள இடத்தில் பெயின்றைச் சுரண்டி, மூன்று ஸ்ப்ரே ரின் கொண்ட வெடிப்புச் சோதனை செய்யுங்கள். கழுவி, சிவப்புச் சாயம் அடித்து 15 நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை அடியுங்கள். பத்து நிமிடத்தில் வெடிப்பு சிவப்புக் கோடாக வெளியே வரும். செலவு சின்னது, அரை நாள் போகும்.

பூமிலோ தூணிலோ பிற்காலத்தில் ஒட்டிய தகடு இருந்தால் வாங்க வேண்டாம். பூம் உயர்வலு இரும்பு. சாதாரண வெல்டிங் போட்டால் பக்கத்து இரும்பு வலுவிழந்து, அடுத்த வெடிப்பு வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே வரும். வெல்டிங் செய்கிறவனாக இருந்துதான் சொல்கிறேன்.

செஸியில் கபினுக்குப் பின்னால், பூமைத் தாங்கும் துணைச் சட்டமும் செஸியும் ஒட்டும் இடுக்கில் ஸ்க்ரூட்ரைவரால் குத்துங்கள். இரண்டு இரும்புக்கும் இடையில் ஊறிய துரு அடுக்கடுக்காக வீங்கியிருக்கும். பூம் வேறொரு லொறியிலிருந்து கழற்றிப் பூட்டப்பட்டதா என்றும் பாருங்கள். பூம் தட்டின் ஆண்டும் லொறியின் ஆண்டும் வெகுதூரம் விலகினால், போல்ட் துளைகள் புதிதாகத் தெரிந்தால், கேள்வி கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் எந்த வகை வாகனம் என்றிருக்கிறது, செஸி இலக்கம் பொருந்துகிறதா, லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் உரிமையாளராக நிற்கிறதா என்பதையும். தகுதிச் சான்றிதழ் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது வீதியில் ஓடுவதற்கு, பூமுக்கு உத்தரவாதம் கிடையாது.

ஹைட்ரோலிக் கராஜ், கன்னியா வீதி:
ஒன்று விட்டுப்போனது. ஜப்பானில் இந்த வண்டிகளுக்கு ஆண்டுக்கொரு முறை கட்டாயப் பரிசோதனை உண்டு, முடிந்ததும் ஆண்டும் மாதமும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பூம் தூணிலோ கபின் பக்கத்திலோ தேடுங்கள். கடைசி ஸ்டிக்கரின் ஆண்டுக்கும் கப்பலேறிய ஆண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் அவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த வண்டி.

பாதுகாப்புச் சுவிட்சுகளையும் சோதியுங்கள். ஜக் கால் இறக்காமல் பூமை எழுப்பப் பாருங்கள், எழும்பக்கூடாது. எழும்பினால் யாரோ வயரை நேரடியாகக் கட்டிவிட்டார்கள். பாரம் கூடினால் நீட்சியை நிறுத்தும் கட்டுப்பாட்டையும் இப்படி முடக்கியிருப்பார்கள். சுவிட்ச் மலிவு, ஆனால் அதை முடக்கிய ஆள் வேறு எதை முடக்கினார் என்பதுதான் கவலை. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெட்டரியில் ஓடும் அவசர பம்மினால் கூடையை நிலம்வரை இறக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் இந்த மோட்டர் இறுகிப்போய் இருக்கும்.

உயரம்: 12 மீற்றர் என்பது கூடையின் அடித்தளம். ஆள் கையெட்டும் தூரம் சேர்த்தால் 13.5 வரும். அதுவும் லொறிக்கு நேர் மேலே. பக்கவாட்டில் நீட்டும்போது எவ்வளவு என்று கபினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வீச்சு வரைபடம் சொல்லும். வளவு மதிலுக்கு வெளியே நின்று உள்ளே எட்ட வேண்டிய நம் வேலைக்கு அந்த வரைபடம்தான் கணக்கு. முதிர்ந்த தென்னை 20 மீற்றரைத் தாண்டும், அதற்கு இன்னும் ஏறுகிறவர்தான் வேண்டும். வேம்பு, மா, நடுத்தர வாகைக்குத் தாராளம். சந்தையில் 9.7, 9.9 மீற்றர் வண்டிகள் நிறைய வருவதற்குக் காரணம், ஜப்பானில் 10 மீற்றர் தொட்டால் இயக்குபவருக்குப் பெரிய பயிற்சி தேவை என்ற சட்டம். அதை எடுத்தால் நமக்குக் காணாது, 12 எடுப்பது சரி.

உவர்மலை மரவேலை:
அண்ணன்மாருக்கு நன்றி. இன்னுமொன்று. நிலாவெளிப் பக்கம் வளவெல்லாம் மணல். ஜக் கால் புதையாதா? வெட்டிய துண்டைக் கயிறு கட்டிப் பூமில் தொங்கவிட்டு இறக்கலாமா?

ஹைட்ரோலிக் கராஜ், கன்னியா வீதி:
இரண்டாவதற்கு: கூடவே கூடாது. அந்தப் பூம் ஆள் தூக்கச் செய்தது. 200 கிலோ புளிக்கொப்பு அறுந்து ஒரு மீற்றர் விழுந்து கயிறு இழுபட்டால், பூமில் விழும் அடி அதன் பல மடங்கு. கயிற்றை மரத்தின் உறுதியான கவையில் கப்பி போட்டு இறக்குங்கள். லொறி ஆளை நிறுத்தி வைக்க மட்டும்.

மணலுக்குக் கணக்குப் பாருங்கள். பூம் ஒரு பக்கம் நீளும்போது ஒரே காலில் 4 தொன் வரை வரலாம் என்று வைப்போம். ஜக் தட்டு 30 சென்றிமீற்றர் சதுரம் என்றால் 900 சதுர சென்றிமீற்றர், ஒவ்வொன்றிலும் 4.4 கிலோ. தளர்ந்த மணல் அதைத் தாங்காது. 60 சென்றிமீற்றர் சதுரப் பலகை வைத்தால் 1.1 கிலோவுக்கு இறங்கும். பாலை மரத்தில் இரண்டு அங்குலப் பலகையை ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக இரண்டு அடுக்கு போட்டு நான்கு செட் செய்யுங்கள். மேல் மணலைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி மிதித்து இறுக்கிவிட்டு வையுங்கள். கால் இறக்கிய பிறகு பூமை ஆளில்லாமல் நான்கு திசையும் சுற்றி, குமிழ் மட்டம் அசைந்ததா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். மலசலகூடக் குழி எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் காலை இறக்க வேண்டாம், மணலுக்குக் கீழே மூடி தெரியாது.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் காலையிலேயே வேலையை முடியுங்கள். செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று வந்தால் கூடையை இறக்கிவிட வேண்டும். கொப்பு முழுதாக ஆடத் தொடங்கினாலே கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

வெல்டிங் பட்டறை, சீனக்குடா:
எடுத்தால், கடற்கரை வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் ரொட், பின், செஸி அடி எல்லாம் கழுவுங்கள். பிறகு ரொட்டில் மெல்லிசாக ஒயில் பூசுங்கள். பூமின் அடியில் உள்ள வடிகால் துளைகளில் குளவி மண்கூடு கட்டும், கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். அடைத்தால் மழைத்தண்ணீர் பூமுக்குள் நின்று உள்ளிருந்து துரு தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது.

பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்டக் கேட்டால் முதலில் பிரதேச செயலக அனுமதிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு லொறியைக் கொண்டுபோங்கள்.